காணி உறுதியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் அம்மப்பாவின் தகப்பனார் புங்குடுதீவிலிருந்து மலாயாவுக்கு வந்து ரயில்வேயில் வேலை பார்த்தவர். எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு படமும், தகரப்பெட்டியில் கிடந்த பழைய காணி உறுதியும்தான். அவர் பெயரை இணையத்தில் தட்டினால் எத்தனையோ கந்தையாக்கள் வருகிறார்கள். டொராண்டோவிலும் பாரிசிலும் உள்ள சொந்தக்காரர்கள் வம்சாவளி ஒன்று தயாரித்து எல்லோருக்கும் அனுப்பலாம் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? எதை வெளியில் காட்டலாம்?
– வாசகி, குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்

பதில்: உங்களிடம் இருக்கும் இரண்டில் உறுதிதான் பெரிய சொத்து. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முதலெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாம் தலைமுறையில் வழி அடைபடும். காணி அப்படி மாறுவதில்லை.

உறுதியை ஆறுதலாகப் படியுங்கள். காணியின் பெயர், பரப்பு, அது எந்த வழியில் வந்தது என்பதோடு நான்கு எல்லைகளும் எழுதியிருக்கும். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை என்று போகும் அந்த வரிகளில் வரும் பெயர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஊர் வழக்கம் என்பதால், எல்லைக்காரர்களில் பலர் பூட்டனாரின் கூடப்பிறந்தவர்களாக இருக்கக்கூடும். சீதனமாக வந்த காணி என்றால் இன்னும் நல்லது. ஒல்லாந்தர் காலத்தில், 1707-ல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணுக்கு உரியது. ஆகவே அந்த உறுதி பூட்டியின் தாய் தகப்பனைக் காட்டிக்கொடுக்கும். வம்சாவளி எழுதுகிறவர்கள் பெண் வழியை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிரித்தறிய முடியாத சிக்கல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலும் உண்டு. அங்கே ஊருக்கு ஊர் மெக்லியோட்களும் மெக்டொனால்டுகளும். ஹாரிஸ் தீவில் பணிசெய்த பில் லாசன் என்ற ஆய்வாளர் ஒவ்வொரு குடியானவர் நிலத்திலும் யார் யார் வாழ்ந்தார்கள் என்று பதிவேடுகளையும் வாய்மொழியையும் ஒப்பிட்டு, ஊர் ஊராகத் தொகுத்தார். புங்குடுதீவு உள்ளிட்ட நம் தீவகத்துக்கும் அந்த முறைதான் பொருந்தும்.

அடுத்தது கல்வெட்டு. முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். பலவற்றில் கடைசிப் பக்கங்களில் வம்சாவளியே இருக்கும். போரால் 1990-களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வீட்டுக் காகிதங்கள் எத்தனையோ அழிந்தன. ஆனால் ஒரு கல்வெட்டு பல வீடுகளுக்குப் போயிருக்கும். பாரிசில் யாராவது ஒருவர் அலமாரியில் வைத்திருப்பார். 2005-ல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்திலும் இத்தகைய மலர்கள் பல உள்ளன. மரண அறிவித்தல்களையும் விடாதீர்கள். 'இன்ன வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும் சிங்கப்பூரை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி மருமகன், மைத்துனர், சகலன் வரை உறவுமுறையோடு சொல்வது உலகில் எல்லாச் சமூகத்துக்கும் வாய்க்காத ஆவணம். உங்களவர் எந்த வட்டாரம் என்று முதலில் கேட்டு வையுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் தேட, தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. ரயில்வே ஊழியரின் மாற்றல், ஓய்வு, திருமணம் செய்தியாக வந்திருக்கலாம். கந்தையா என்பதை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதத்திலும் தட்டிப் பாருங்கள். உங்கள் குவீன்ஸ்டவுன் வழியாகப் போன ரயில்பாதை 1932-ல் தஞ்சோங் பகார் நிலையத்தோடு வந்தது, 2011-ல் நின்றது. பூட்டனார் 1932-க்கு முன்பே ஓய்வு பெற்றவர் என்றால் 1903-ல் திறந்த பழைய பாதையையும் டேங்க் ரோடு நிலையத்தையும் வைத்துத் தேடவேண்டும். சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் மூத்தவர்களிடம் விசாரிப்பதும் பயன் தரும்.

பகிர்வது பற்றி. இறந்தவர்களின் விவரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அடையாள எண், முகவரி எதுவும் வேண்டாம். மலாயாவில் இரண்டாம் குடும்பம், சுவீகாரப் பிள்ளை போன்ற செய்தி கிடைத்தால் அந்தக் கிளையினரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். அவர்கள் சம்மதித்த பிறகே எழுத்தில் வரட்டும். ஆனால் மறைப்பதற்காகப் பொய் உறவு எழுதாதீர்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் சொன்னவர் யார், எந்த உறுதி, எந்த மலர் என்று குறியுங்கள். இல்லாவிட்டால் டொராண்டோவில் ஒருவர் ஊகித்தது பாரிசில் வரலாறாகிவிடும்.

காகிதம் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். குடும்பத்தில் மூத்தவர் யாரோ, அவரிடம் இந்த வாரமே போய் உறுதியைக் காட்டி, அதில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள்.