சொல்வது துரோகமா?

கேள்வி: உளவியல் ஆலோசகர் பயிற்சியில் இருக்கிறேன். என்னை நம்பி வருகிறவர்கள் சொல்வதை வாராவாரம் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இது துரோகம் இல்லையா?
– வாசகி, சிங்கவரம்

பதில்: முதல் நாளே அவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டால் துரோகம் இல்லை, அம்மா. பேரை மட்டும் மாற்றினால் போதாது. செஞ்சிப் பக்கம் தெருவையும் தொழிலையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும், அவற்றையும் மறையுங்கள்.

மேற்பார்வை வந்தவரைப் பற்றி மட்டுமல்ல, உங்களைப் பற்றியதும்தான். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'அவர் பேசியபோது உங்களுக்குள் என்ன நடந்தது?' என்றுதான். எதிரில் ஒருவர் அழுதால் பதறிப்போய் அறிவுரை சொல்லிவிடுகிறோம். பிறகு அது நமக்கே நினைவிருப்பதில்லை. இதற்கு ஒலிப்பதிவு உதவும்; உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தினார். தற்கொலைப் பேச்சு வந்தால் மட்டும் வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மேற்பார்வையாளரை அழையுங்கள்.