தீவுகளில் நீரிழிவு நோயாளரின் உணவுத்தட்டு

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் காய்கறி வரவு குறையும்போது, சோற்றையும் கிழங்கையும் கூட்டிப் பசியாறுவது இயல்பே. ஆயினும் நீரிழிவுள்ளோர்க்கு அது கேடு விளைக்கும்.

மாவுப்பொருள் செரித்துக் குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கிறது. இன்சுலின் குறைந்தாலும், நன்கு செயற்படாவிடினும் அது இரத்தத்திலேயே மிகுகிறது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுப்பொருள் உண்டு. அதே எடையுள்ள மரவள்ளிக் கிழங்கில் அதனினும் மிகுதி. எனவே கிழங்கைக் காய்கறியாகக் கொள்ளுதல் பிழை. நிக்கோபாரில் உண்ணப்பெறும் தாழம்பழக் கூழும் சோற்றின் கணக்கிலேயே சேரும்.

தட்டை மனத்தால் நான்காகப் பகுக்க. இரு பங்கு முருங்கைக்கீரை, வெண்டை, புடலை, பாகல் போன்றவை. ஒரு பங்கு மீன் அல்லது பருப்பு. எஞ்சிய ஒரு பங்கே சோறு. கிழங்கு உண்டால் சோற்றை அவ்வளவுக்குக் குறைத்தல் வேண்டும். தேங்காயிற் கொழுப்பு மிகுதியாதலால் அளவோடு சேர்க்க. கீரையும் காயும் வீட்டுத் தோட்டத்திலேயே விளையுமாயின் கப்பலை நம்பியிருக்க வேண்டுவதில்லை.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்வோர் வேளை உணவைத் தவிர்த்தலாகாது. நடுக்கமும் வியர்வையும் தோன்றின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்து உடனே அருந்தவேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடின் மீண்டும் அருந்துக. நினைவிழந்தவர் வாயில் எதனையும் இடாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

களப்பணியாளர் இல்லந்தோறும் தட்டைப் பார்த்தே அறிவுரை கூறுக. ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டுக.