ஆற்றுப்படுத்துதல்

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியபோது, கற்கால மாந்தர் செய்த கருவிகள் வெளிப்பட்டன. கல்லைக் கருவியாக்கிய அந்நிலத்தைச் சூழ்ந்து இன்று மகிழுந்தும் கைப்பேசியும் உருவாகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட குடியிருப்பு வளாகத்தில் மட்டும் 18,720 பெண் பணியாளர்கள் தங்க இயலும். பெரும்பாலோர் வீட்டை விட்டு முதன்முறை வெளியூர் வந்த இளையோர்.

கணவனுக்கு இரவுப்பணி, மனைவிக்குப் பகற்பணி என்றால், ஒருவர் பேருந்தைவிட்டு இறங்கும் வேளையில் மற்றவர் ஏறுவார். வாடகை, எரிவாயு உருளை, பிள்ளையின் கட்டணம் ஆகியவற்றைத் தவிர வேறு பேச்சு நிகழ்வதில்லை. விடுதிப் பெண்ணோ தாயிடம் ‘சாப்பிட்டேன்’ என்பதோடு அழைப்பை முடித்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் இத்தகைய வேளைகளில் பெரியப்பாவோ சித்தியோ இடையில் நின்று பேசித் தீர்த்தனர். அம்முறையைக் குறையின்றிப் போற்றுவதற்கும் இல்லை. பெரியவர் ஒரு பக்கம் சாய்வதும், வீட்டுச் செய்தி தெருவுக்கு வருவதும் உண்டு.

இங்குத்தான் ஆற்றுப்படுத்துநரின் பணி தொடங்குகிறது. தமிழில் இச்சொல் பழமையான வேர் உடையது. ஆறு என்பது வழி. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனைக் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துகிறான். அக்காஞ்சி, வடக்குப்பட்டு அமைந்த இதே மாவட்டத்தின் தலைநகர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாணன் தான் நடந்த வழியைச் சொன்னான். இன்றைய ஆற்றுப்படுத்துநரிடம் ஆயத்தமான வழி எதுவும் இல்லை. வந்தவர் தம் வழியைத் தாமே காணும்வரை அவர் பொறுமையாகக் கேட்கிறார். அறிவுரையை எதிர்பார்த்து வருவோர் முதல் நாளில் ஏமாற்றமடைவதும் இயல்பே.

இணையராக வருவோரிடம் முதலில் தனித்தனியே பேசுவதுண்டு. பின்னர் இருவரும் அமர்ந்திருக்க, ஒருவர் கூறியதை மற்றவர் தம் சொற்களில் திருப்பிக் கூறுமாறு கேட்கப்படும். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்னும் மறுமொழி பலமுறை எழும். பிணக்கின் முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. குடும்பமாக வருவோரிடையே, பள்ளிக்குச் செல்ல மறுக்கும் பிள்ளையைவிட, அப்பிள்ளையைச் சுற்றியுள்ளோர் பேசிக்கொள்ளும் முறை கவனிக்கப்படும். வீட்டில் அடியும் அச்சுறுத்தலும் இருக்குமாயின் கூட்டு உரையாடல் பொருந்தாது. முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அதற்கு 181 என்னும் பெண்கள் உதவி எண் உள்ளது.

சட்டமும் இதற்கு இடமளித்துள்ளது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கை விசாரிக்கும் முன்னர் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்கிறது. அதற்கென ஆற்றுப்படுத்துநர்களை அமர்த்தவும் வழிசெய்கிறது. நீதிமன்றப் படியேறிய பின் நாடுவதைவிட முன்னரே நாடுவது எளிது என்பது வேறு செய்தி. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சிநேகா’ அமைப்பில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் துயருற்றோரின் குரலைக் கேட்டு வருகின்றனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சேவை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது.

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்னும் பெயரில் தொலைபேசி மனநலச் சேவை தொடங்கப்பட்டது. எண் 14416, கட்டணம் இல்லை. இருபத்து நான்கு மணிநேரமும் இயங்குவதால், இரவுப்பணி முடித்து விடியலில் அறைக்குத் திரும்புபவரும் தம் மொழியிலேயே பேசலாம். மருத்துவம் தேவைப்படுவோர் அரசு மருத்துவமனைக்கு ஆற்றுப்படுத்தப்படுகின்றனர்.