தானே சூடேறும் முகப்பூச்சு

தீயில் காய்ச்சியபோது கொதிப்பதுபோல் நீராவி கக்கிய கனிமம் ஒன்றுக்கு, சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட் 1756-இல் 'சியோலைட்டு', அதாவது கொதிகல், எனப் பெயரிட்டார். நீர் நீக்கிய சியோலைட்டுப் பொடி ஈரம் பட்டதும் இழந்த நீரைத் தன் நுண்துளைகளில் ஈர்த்து வெப்பத்தை வெளிவிடும். இப்பொடியைக் கிளிசரினில் குழைத்துச் செய்த பூச்சு, நனைந்த முகத்தில் தடவியதும் சூடேறுகிறது; சிறிது நேரத்தில் தணிந்துவிடும்.

வெம்மையால் தோலில் குருதியோட்டம் மிகும், எண்ணெய்ப்பசை இளகும். தோலின் துளைகள் 'திறக்கும்' என்பதோ வெறும் விளம்பரப் பேச்சு. கதவுபோல் திறந்து மூடும் அமைப்பு அவற்றுக்கு இல்லை. முகம் எளிதிற் சிவப்போர் இதனைத் தவிர்த்தல் நன்று. 44 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் 6 மணி நேரம் நீடித்தால் தோல் வெந்துவிடும் என்று 1947-இல் மோரிட்சும் ஹென்ரிக்கசும் காட்டினர். 60 டிகிரியிலோ சில நொடிகளே போதும்.

ஆசிரியர்கள் நீரற்ற கால்சியம் குளோரைடைச் சோதனைக் குழாயிலுள்ள நீரில் சிறிது சிறிதாக இட்டு, வெப்பமானி ஏறுவதை மாணவர்க்குக் காட்டலாம். முகத்தில் தடவிப் பார்க்க அன்று!