'நான் யாரு, சொல்லுங்க பாப்போம்' என்று கேட்காதீர்கள்

அப்பா சங்குகுளிக்காரர். 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது மீசை அரும்பாத பையனாகக் கல்லில் கால் மாட்டிக் கடலுக்குள் இறங்கியவர். காலையில் இட்லி தின்றது இப்போது அவருக்கு மத்தியானம் நினைவில்லை. அந்த வருசத்துத் தோணியில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் கடகடவெனச் சொல்வார். பெரும்பாலான மறதிநோயில் புது நினைவுகளைப் பதியவைக்கும் இடம்தான் மூளையில் முதலில் கெடுகிறது. பழசு வெகுநாள் தங்கும்.

முதலில் காட்டிய மருத்துவர், "வயசானா அப்படித்தாம்மா" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் உறையும் ரத்தம் ஆகியவையும் மறதி மாதிரியே காட்டும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஒரே ராத்திரியில் குழம்பிப் பிதற்றினால் அது மறதிநோய் முற்றியது என்று எண்ண வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ, உடம்பில் உப்பு குறைந்ததோ காரணமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. வருசக்கணக்கில் மூச்சடக்கிக் குளித்தவர்களில் பலருக்குச் செவி கெட்டிருக்கும். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024இல், மறதிநோய்க்கு வழிவிடும், ஆனால் நாம் சரிசெய்துகொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தமும் அதில் ஒன்று. அப்பாவுக்குக் காதுக்கருவி வைத்த பிறகு மறதி போகவில்லை. ஆனால் 'மறந்துட்டார்' என்று நாங்கள் நினைத்ததில் பாதி அவர் காதிலேயே விழாத சங்கதி என்று தெரிந்தது.

சாயங்காலம்தான் கஷ்டம். வெளிச்சம் மங்க மங்க அவருக்கு இருப்புக் கொள்ளாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

"ஏட்டி, முத்துப்பாருக்குத் தோணி போயிரும், கதவத் தொற."

'முத்துக்குளிப்பு நின்னு அறுபது வருசமாச்சுப்பா' என்றால் கோபம்தான் ஏறும். நான் சொல்வது வேறு:

"காத்து சரியில்லப்பா. இன்னைக்குக் கடலுக்கு வேண்டாம்னு தோணிச் சம்மாட்டி சொல்லிட்டாவ."

வானத்தைப் பார்ப்பார். "ஆமா, சோழகக் காத்துலா அடிக்கி" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அப்போது ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் கொடுப்பேன். என் பெயர் வராத அந்த மனிதரின் விரல்கள் முடிச்சை மட்டும் பிசகாமல் போடும். போட்டதை நான் கமுக்கமாக அவிழ்த்துக் கொடுப்பேன், மறுபடி போடுவார். இது பொய்யில்லையா என்று சித்தி கேட்பாள். அவர் இருக்கும் வருசத்துக்கு நாம் போய் நிற்பது பொய் ஆகாது என்பது என் கட்சி. விளக்கையும் ஐந்தரைக்கே போட்டுவிடுங்கள். பாதித் தவிப்பு அதில் அடங்கும்.

தெருவில் மறைக்காதீர்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், வலை பின்னுகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம். சட்டைப் பையில் எங்கள் செல் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கும். பனிமய மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5 கூட்டத்தில் கூட்டிப்போவதில்லை. கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் மாதாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். பென்ஷன், பேங்க், பத்திரம் எல்லாம் கையெழுத்தும் புரிதலும் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல் மறதிநோய் இருக்கிறது, ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை பேருக்கும் பின்னால் தூக்கம் கெட்ட ஒருத்தர் இருப்பார், பெரும்பாலும் பெண். முதியோருக்கு 14567, பார்த்துக்கொள்கிறவர் மனசு தளர்ந்தால் 14416. இரண்டும் கட்டணமில்லாத அரசு எண்கள்.

கப்பலிலும் கல்ஃபிலும் இருக்கிற அண்ணன் தம்பிமாருக்கு: வீடியோ காலில் 'நான் யாரு, சொல்லுங்க பாப்போம்' என்று அப்பாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். பெயரை நீங்களே சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். லீவில் வரும்போது ராத்திரிகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, வீட்டில் இருப்பவளைத் தூங்க விடுங்கள்.