நாற்காலி வாடகை ஏறுது, செலவு வரம்பு ஏன் ஏறலை?

கேள்வி: ஆதிச்சநல்லூரில் பரம்புக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் பந்தல், நாற்காலி, ரேடியோ செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். 2014 தேர்தலில் ஒரு நாற்காலி நாலு ரூபாய்க்குக் கொடுத்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குடோனுக்குள் தண்ணீர் புகுந்து நாற்காலி, ஜமுக்காளம், ஆம்ப்ளிபயர் எல்லாம் போச்சு. புதுச் சரக்கு வாங்கிப் போட்டபிறகு எட்டு ரூபாய்க்குக் குறைந்தால் கட்டுப்படியாகவில்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். "அண்ணாச்சி, முந்நூறு சேர் போடுங்க, பில்லை மட்டும் நூறுன்னு போட்டுத் தாங்க, லிமிட் இடிக்குது" என்கிறார்கள். விலைவாசி ஏற ஏற அந்த லிமிட்டும் தானாக ஏறும்படி செய்துவிட்டால் இந்தப் பொய் பில்லுக்கு வேலை இருக்காதே? அப்படி ஏற்றினால் காசு உள்ளவனுக்குத்தான் கொண்டாட்டம் என்று என் மகள் சண்டைக்கு வருகிறாள். யார் சொல்வது சரி?

— ஆதிச்சநல்லூர் வாசகர்

பதில்: முதலில் உங்கள் கடைக்கான பதில். அந்த நூறு நாற்காலி பில்லை எழுதிக் கொடுக்காதீர்கள். கூட்டம் நடக்கும்போது தேர்தல் பிரிவின் வீடியோ குழு வந்து மேடை, கொடி, வண்டி, நாற்காலி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போகிறது. அலுவலகத்தில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்து எண்ணுகிறார்கள். எண்ணியதை, மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியர் வெளியிட்ட விலைப்பட்டியலோடு பெருக்கி, வேட்பாளர் பெயரில் தனியாக வைத்திருக்கும் நிழல் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். வேட்பாளர் எழுதும் கணக்கையும் இதையும் பிரச்சார நாட்களிலேயே மூன்று முறையாவது ஒப்பிட வேண்டும் என்பது விதி. படத்தில் முந்நூறு, பில்லில் நூறு என்றால் வேட்பாளரிடம் விளக்கம் கேட்பார்கள். பில்லில் இருப்பதோ உங்கள் கடைப் பெயர்.

அந்த விலைப்பட்டியலில்தான் உங்கள் கேள்வியின் உயிரே இருக்கிறது. டீ, சாப்பாடு, நாற்காலி, சாமியானா, குட்டியானை வண்டி வாடகை, பொன்னாடை என்று நீளும் அந்தப் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சிகளோடு பேசி, அன்றைய சந்தை விலைக்குத் திருத்துகிறார்கள். ஆக, செலவை அளக்கும் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. செலவுக்குப் போட்ட உச்சவரம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டு வேட்பாளருக்கு வரம்பு 70 லட்சம் ரூபாய். 2019இல் நம் தூத்துக்குடி உட்பட எல்லாத் தொகுதிக்கும் அதே 70 லட்சம்தான். ஐந்து வருட விலையேற்றம் கணக்கிலேயே வரவில்லை.

இந்த வரம்பைத் தேர்தல் ஆணையம் தானாக மாற்ற முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 77ஆவது பிரிவு, வரம்பைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு என்ற தொகை, 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 90ஆவது விதியில் இருக்கிறது. ஆணையம் பரிந்துரைக்கும், மத்திய அரசு விதியைத் திருத்தி அறிவிக்கும். எப்போது திருத்த வேண்டும், எதை வைத்துத் திருத்த வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அதனால்தான் இதன் வரலாறு சீராக இல்லாமல் தாவித் தாவி இருக்கிறது. 1951–52 முதல் தேர்தலில் 25,000 ரூபாய். 1996 தேர்தலில் நாலரை லட்சம். இரண்டே ஆண்டில், 1998 தேர்தலுக்கு 15 லட்சம். 2004க்கு 25 லட்சம், 2011இல் 40 லட்சம், 2014இல் 70 லட்சம். 2020 அக்டோபரில் கொரோனாவைக் காரணம் காட்டி 10 சதவீதம் கூட்டினார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் ஊர் வேட்பாளர்களுக்கு 30 லட்சத்து 80 ஆயிரம் என்று வந்தது அப்படித்தான். 2022 ஜனவரியில் மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் ஆனது.

அந்த 2022 திருத்தத்தின்போது ஒரு கணக்கைப் பொதுவில் வைத்துப் பேசினார்கள். ஆணையம் அமைத்த குழு இரண்டு எண்களைக் காட்டியது. 2014இல் 83.4 கோடியாக இருந்த வாக்காளர்கள் 2021இல் 93.6 கோடி, இது 12.23 சதவீத உயர்வு. செலவுப் பணவீக்கக் குறியீடு 240இலிருந்து 317; இது 32.08 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் ஏறக்குறைய 48 சதவீதம் வருகிறது. அதன்படி 70 லட்சம் என்பது 1 கோடியே 4 லட்சம் ஆகியிருக்க வேண்டும், கொடுத்தது 95. சட்டமன்றத்துக்கு 28 லட்சம் நாற்பத்தொன்றரை ஆகியிருக்க வேண்டும், கொடுத்தது 40. பெரிய வஞ்சனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் ஒன்றுக்கு நிறையக் குறைந்தது, இன்னொன்றுக்குக் கொஞ்சம் குறைந்தது என்று கேட்டால் காட்டுவதற்குச் சூத்திரம் கிடையாது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அந்தக் குறியீடு, நிலம் வீடு விற்கும்போது மூலதன ஆதாய வரி போடுவதற்காக வருமான வரித் துறை வைத்திருப்பது. நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. அதாவது நூறு ரூபாய் விலையேற்றத்தில் இருபத்தைந்து ரூபாயை ஆரம்பத்திலேயே கழித்துவிட்ட அளவுகோல் அது. அப்படிக் கழித்த அளவுகோலின்படியே 2025–26க்கு எண் 376. வாக்காளர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, விலையை மட்டும் வைத்துப் பார்த்தாலும் சட்டமன்ற வரம்பு 47 லட்சத்தைத் தாண்டுகிறது. மக்களவை வரம்பு 1 கோடியே 12 லட்சத்தைத் தாண்டுகிறது. உங்கள் நாற்காலியோ 2014 விலையைப் போல இரண்டு மடங்கு.

தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் வாக்காளர்கள் 14 லட்சத்துக்கும் மேல். விளாத்திகுளம் கரிசலிலிருந்து திருச்செந்தூர் கடற்கரை வரை ஆறு சட்டமன்றத் தொகுதிகள். 95 லட்சத்தை அதில் வகுத்தால் ஒரு வாக்காளருக்கு ஏழு ரூபாய் வராது. நோட்டீஸ் அச்சடிக்கிற கூலி, டீசல், ரேடியோ செட், பூத் ஆட்களின் சாப்பாடு எல்லாம் அந்த ஏழு ரூபாய்க்குள் அடங்கியதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். அடங்காது என்பது கணக்கு எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவைக்குள் போவதற்கு முன்பே ஒரு மனிதரைப் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட வைக்கிறோம். உங்களைப் போல உழைத்துப் பிழைக்கிற கடைக்காரரையும் அதில் கூட்டுச் சேர்க்கிறோம்.

இனி உங்கள் மகளின் பேச்சுக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் பணக்கார வேட்பாளரை இந்த வரம்பு இன்று தடுத்து நிறுத்துகிறதா? ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பு ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வென்றவர்களின் கணக்கைத் தொகுத்து வெளியிடுகிறது. சராசரியாகப் பார்த்தால் எல்லோரும் வரம்புக்கு வெகுவாகக் கீழேதான் செலவழித்ததாகச் சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் மக்களவை உறுப்பினர் கோபிநாத் முண்டே 2013இல் ஒரு மேடையில், 2009 தேர்தலில் தனக்கு 8 கோடி ரூபாய் செலவானதாகப் பேசிவிட்டார். அப்போது வரம்பு 25 லட்சம். ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அவர் பதவி போகவில்லை. வரம்பு பழசாகக் கிடப்பதால் இடிபடுகிறவர் வேறொருவர். ஐந்து வருடம் பேர் சொல்லி, திறப்பு விழா நடத்தி, ஊருக்குத் தெரிந்த முகமான பதவியாளருக்கு எதிரே, ஊர் ஊராகப் போய்த் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய புதியவர் அவர். சிறு தொகைகளாகத் திரட்டி, ஒழுங்காகக் கணக்கும் வைக்க நினைத்தால், அவருக்குத்தான் வரம்பு உண்மையிலேயே இடிக்கும்.

வாக்குக்குப் பணம் கொடுப்பதை இதோடு சேர்க்க வேண்டாம். அது செலவு அல்ல, குற்றம். வரம்பு ஒரு கோடி ஆனாலும் பத்துக் கோடி ஆனாலும் அதில் ஒரு ரூபாய்கூட எழுத முடியாது. 2019இல் தூத்துக்குடி வாக்களித்த அதே ஏப்ரல் 18ஆம் தேதிதான் வேலூருக்கும் வாக்குப்பதிவு. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி இரண்டு நாள் முன்னால் அந்தத் தேர்தலை ரத்து செய்தார்கள். அதை அடக்குவதற்கு வேறு வழி வேண்டும்.

உங்கள் மகள் உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்குக் கிடையாது. 1974இல் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று தீர்ப்புச் சொன்னது. கொஞ்ச நாளிலேயே அவசரச் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். 2003 திருத்தம் அந்த ஓட்டையைக் கொஞ்சம் சின்னதாக்கியது. இப்போது நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், வேட்பாளர் பேர் சொல்லாத பொதுப் பிரச்சாரமும் கட்சிக் கணக்கு. தலைவர் வேட்பாளரை மேடையில் பக்கத்தில் நிறுத்தினாலோ, பேர் சொல்லி ஓட்டுக் கேட்டாலோ, அந்தக் கூட்டச் செலவில் வேட்பாளர் பங்கு அவர் கணக்கில் ஏறும். பேரைச் சொல்லாமல் சின்னத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பேச்சுகள் உங்கள் ரேடியோ செட் வழியாகவே நிறைய ஒலித்திருக்கும். காரணம் இதுதான்.

இலங்கையில் 2023இல்தான் தேர்தல் செலவுச் சட்டமே வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 இலங்கை ரூபாய் என்று நிர்ணயித்து, 1 கோடியே 71 லட்சம் வாக்காளர்களுக்குப் பெருக்கி, ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 187 கோடி ரூபாய் என்று வரம்பு போட்டார்கள். தலைக்கு நம் பணத்தில் சுமார் 30 ரூபாய். தொகையைவிட எனக்குப் பிடித்தது அந்த முறை. தலைக்கு இவ்வளவு என்று இருந்தால், அந்த ஒரு எண்ணை மட்டும் விலைக்கு ஏற்பத் திருத்தினால் போதும். வாக்காளர் பெருகினால் மொத்தம் தானாகப் பெருகும். கனடாவில் வேட்பாளர் செலவு வரம்பு வாக்காளர் எண்ணிக்கையையும் பணவீக்கத்தையும் வைத்தே கணக்காகிறது. தனிநபர் நன்கொடை வரம்பு வருடத்துக்கு 25 டாலர் ஏறி 2025இல் 1,750 ஆனது. அமெரிக்காவில் செலவுக்கு வரம்பே இல்லை. 1976இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிவிட்டது. நன்கொடைக்கு மட்டும் உண்டு. தனிநபர் நன்கொடை வரம்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விலைக்கேற்ப உயர்த்துகிறார்கள்; ஆனால் அமைப்புகள் ஒரு வேட்பாளருக்குத் தரும் 5,000 டாலர் 1970களில் போட்டபடியே இருக்கிறது. விதியில் எழுதிய எண் நகர்ந்தது, எழுதாத எண் நகரவில்லை.

நான் கேட்பது இதுதான். 90ஆவது விதியிலேயே சூத்திரத்தை எழுதிவிட வேண்டும். முக்கால் பங்குக் குறியீடு வேண்டாம், முழு நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுக்கட்டும். ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் முன்பு ஆணையம் பெருக்கி அறிவிக்கட்டும். போட்டியில் நிற்கிற கட்சியே ஆட்சியில் இருந்துகொண்டு போட்டிக்கான வரம்பையும் தீர்மானிப்பது சரியல்ல. அதே நாளில் கட்சிச் செலவுக்கும் ஒரு வரம்பு வர வேண்டும். அது வராமல் வேட்பாளர் வரம்பை மட்டும் ஏற்றினால் உங்கள் மகள் சொன்னதே நடக்கும்.

விலைவாசியோடு ஏறக்கூடாத எண்ணும் ஒன்று உண்டு. 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர் பேரைக் கட்சி ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது 2003 முதல் இருக்கும் விதி. விலை ஏறியது என்று சொல்லி இதை ஐம்பதாயிரம் ஆக்கினால் மறையும் பேர்கள்தான் கூடும். 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, கொடுப்பவர் யார் என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அந்த 20,000 அப்படியே கிடக்கட்டும்.

---

கேள்வி: திரேஸ்புரத்தில் மீன் வியாபாரம். தேர்தல் அறிவித்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்துப் போகப் பயமாக இருக்கிறது. அதிகாலை ஏலத்துக்கு ரொக்கம்தானே வேண்டும்? இதையாவது விலைவாசிக்கு ஏற்றபடி உயர்த்தக் கூடாதா?

— தூத்துக்குடி வாசகி

பதில்: கண்டிப்பாக உயர்த்த வேண்டும். பல தேர்தல்களாக அதே 50,000தான். இரண்டு கூடை நல்ல சீலா எடுத்தாலே பெருந்தொகை ஆகிற இந்நாளில், அந்த எண் பணப் பட்டுவாடாக்காரரைவிட வியாபாரியைத்தான் அதிகம் பிடிக்கிறது. இப்போதைக்கு ஏலச் சீட்டு, வங்கியில் பணம் எடுத்த சீட்டு, முந்தைய நாள் விற்பனைக் கணக்கு ஆகியவற்றைப் பையிலேயே வையுங்கள். பறக்கும் படை பணத்தை எடுத்துவிட்டால் ரசீது கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கான மேல்முறையீட்டுக் குழு உண்டு. ஆவணம் காட்டினால் வாக்கு எண்ணிக்கை வரை காத்திருக்காமல் பணத்தை விடுவிக்க வேண்டும்.

---

கேள்வி: ஊராட்சி வார்டு உறுப்பினராக நிற்க ஆசை. எனக்கும் 40 லட்சம் வரம்பா?

— ஆழ்வார்திருநகரி ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: இல்லை அம்மா. உள்ளாட்சிக்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக வரம்பு போடுகிறது. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1 லட்சத்து 70 ஆயிரம். அடுத்த தேர்தலுக்கான தொகையை அறிவிப்பு வந்ததும் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மனு கொடுத்த நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு, வாங்கிய பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வாருங்கள். தோற்றாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.