கோழிக்குப் பாதி, கூட்டுக்குப் பாதி

போடி அடிவாரத்திலும், குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைச்சரிவிலும் பத்து நாட்டுக்கோழியாவது வளர்க்கிற வீடுகள் ஏராளம். ஏலக்காட்டு வேலை இல்லாத வாரத்தில் ஒரு சேவலை விற்றுத்தான் அடுப்பு எரிகிறது என்ற குடும்பங்களும் உண்டு. மழையும் மூடுபனியும் வந்துவிட்டால் அந்தக் கோழிகளுக்கு இரத்தக்கழிச்சல், குடற்புழு, செல் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். மருந்து கொடுக்கிறோம், சரியாகிறது. இருபது நாளில் மறுபடியும் அதே கதை.

வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது பழகிய கணக்குதான். வட்டியை மட்டும் கட்டி அசலைத் தொடாத கடன் என்றைக்கும் தீராது. கோழியின் உடம்பில் இருக்கிற ஒட்டுண்ணி வட்டி. அசல், கூட்டுத் தரையிலும் சுவர் விரிசலிலும் கிடக்கிறது. ஒவ்வொன்றும் கோழிக்கு வெளியே எத்தனை நாள், எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த நாளில் எதைச் செய்வது என்பது தானாக விளங்கும்.

இரத்தக்கழிச்சல்

மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைத்தான் இது அதிகம் கொல்லும். காரணம் எய்மீரியா என்ற ஓரணு உயிரி. எச்சத்தோடு வெளியே வரும் இதன் முட்டை உடனே நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் வீரியம் பெறும். ஆகவே தினமும் காலையில் எச்சத்தை வழித்து எடுத்துவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். சிந்தி நனைந்த உமியை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அந்த முட்டையின் ஓடு கெட்டி, இவற்றுக்கெல்லாம் அசையாது. கொதிநீரும், தீயும், நல்ல காய்ச்சலான வெயிலும்தான் அதற்கு எமன்.

எச்சத்தில் இரத்தம் கண்டுவிட்டால் மூலிகையை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லுவார். அது கொடுக்கும் நாட்களில் பி1 வைட்டமின் டானிக் கொடுக்கக் கூடாது. மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். உயிரைக் காக்க மருந்து கொடுப்பதை இயற்கை வேளாண்மைச் சான்று விதிகளும் தடுக்கவில்லை. கொடுத்ததைக் குறித்து வைத்து, விலக்கு நாட்கள் முடியும்வரை முட்டையையும் கறியையும் விற்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடற்புழு

கோழி தின்கிறது, ஆனால் தேறவில்லை. கொண்டை வெளுத்திருக்கிறது என்றால் உருண்டைப் புழுவைச் சந்தேகப்படலாம். இதன் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் பெற்று, மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்புழு அதை விழுங்கியிருந்தால் அந்த மண்புழுவைக் கொத்துகிற கோழிக்கும் வந்துவிடும். குடற்புழு நீக்க மருந்து கொடுத்த பிறகு இரண்டு நாள் கோழிகளை அடைத்து வைத்து, விழும் எச்சம் முழுவதையும் மக்குக் குழியில் சேருங்கள். பிறகு மேய்ச்சலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாந்தோப்பை மூன்று பாத்தியாகத் தடுத்து, சுற்று முறையில் மேய விட்டாலே பாதிப் புழு குறையும்.

அந்த எச்சத்தைப் பச்சையாகக் காய்கறிப் பாத்திக்குப் போடக் கூடாது. குவியலின் நடுவில் கைவைக்க முடியாத அளவு சூடு, அதாவது 55 டிகிரிக்கு மேல், சில நாள் நிற்க வேண்டும். விளிம்பில் இருப்பதை நடுவுக்குப் புரட்டிப் போட்டு, மறுபடி சூடேற விடுங்கள்.

பேனும் செல்லும்

இரண்டும் ஒன்றல்ல. பேன் கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும். ஈர் நான்கு முதல் ஏழு நாளில் பொரிக்கும். ஆகவே ஒரு தடவை பொடி தூவினால் போதாது. 1, 8, 15 ஆகிய நாட்களில் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் தூவ வேண்டும். நான் சலித்த விறகுச் சாம்பல், வேப்பிலைப் பொடி, வசம்புப் பொடி மூன்றையும் கலந்து வைத்திருக்கிறேன். தூவும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சிவப்புச் செல் இரவுத் திருடன். பகலில் பரண் கம்பின் இடுக்கிலும் சுவர் விரிசலிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கறை தெரிந்தால் ஆள் அங்கேதான். கோழி மாலையில் கூடு அடைய மறுப்பதும், அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவதும் இதனால் இருக்கலாம். இரை இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், கூட்டைச் சும்மா பூட்டிப் போட்டாலும் சாகாது.

கூட்டுக்கு வைத்தியம்

வெயில் நாளாகப் பார்த்துக் கோழிகளை வெளியே விடுங்கள். உமி, வைக்கோல், அடைக்கூடை எல்லாவற்றையும் அகற்றி, தரையைச் சுரண்டி எடுங்கள். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றுகிற எந்த மருந்தும் வீண். கொதிநீர் ஊற்றி முழுக்கக் காயவிடுங்கள். கல், செங்கல் சுவரானால் விரிசல்களில் தீப்பந்தம் காட்டலாம். ஓலை, தகரக் கூரைக்கு அடியில் பலகை இருந்தால் வேண்டாம். பிறகு விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். கம்புகளைக் கழற்றி வெயிலில் போட்டு, இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே கோழியை அடைக்க வேண்டும். செல் இருந்த கூட்டில் ஒரு வாரம் கழித்து இரவில் மறுபடி துணி வைத்துப் பாருங்கள்.

தோட்டத்து மருந்து வேண்டவே வேண்டாம்

"சார், ஏலத்துக்கு அடிச்ச மருந்து கொஞ்சம் மிச்சம் கெடக்கு. கோழியை அதுல முக்கி எடுத்துரவா?" என்று பலர் கேட்கிறார்கள். "வேணாம்மா, செல்லு சாகும், ஆனா அந்த வெசம் உன் பிள்ளை தின்னுற முட்டைக்குள்ள போயிரும்" என்றுதான் சொல்வேன்.

பயமுறுத்தலுக்குச் சொல்லவில்லை. 2017இல் நெதர்லாந்தில் இந்தச் சிவப்புச் செல்லை ஒழிக்கப் பண்ணைகளில் அடித்த ஒரு மருந்தில் பிப்ரோனில் கலந்திருந்தது. நம் ஊர்க் கடைகளில் பயிருக்கு விற்கிறார்களே, அதே பிப்ரோனில்தான். அது கோழியின் கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் முட்டையில் இறங்கியது. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி கடைகளிலிருந்து பல லட்சம் முட்டைகளைத் திரும்ப எடுத்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த மருந்து தாவர எண்ணெய்க் கலவை என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. ஆகவே 'இயற்கை' என்று சீட்டு ஒட்டிய பாட்டிலையும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

வீட்டில் புறா, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். தட்டையும் கூண்டையும் கழுவாமல் பறவைக்கு மட்டும் சொட்டு மருந்து விடுவதால் பயனில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசி வெயிலிலேயே கூட்டைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஒரு நாள் வேலை. ஒரு ஈட்டுக் குஞ்சு பிழைக்கும்.